பெயர் இல்லாத பக்கத்தில் உன் பெயர்

நைனா,

குருப்பட்ட அழைப்பிதழில் போடுவதற்கு என் போட்டோ ஒன்று கேட்டிருந்தாய். அனுப்பவில்லை. உன் அம்மா அவளுடையதை அனுப்பிவிட்டாள், பட்டுப்புடவையில் எடுத்தது, நன்றாகத்தான் இருக்கிறது. நான் அனுப்பாததற்குக் கோபம் காரணம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய்யில் ஆரம்பிக்கக் கூடாது, அதுவும் இந்தக் கடிதத்தை. கோபம் இருக்கிறது. பாதி உன்மேல், மீதி என்மேல். அடுத்த மாதம் நீ வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பேராயர் முன்னால் முழங்காலில் நிற்கப்போகிறாய். என் அப்பா, உன் தாத்தா, அடுத்தவன் வயலில் நாற்று நட்டார். நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலைக் குடோனில் காலம் தள்ளினேன். காலனியிலிருந்து அந்த அங்கியைப் போடுகிற முதல் ஆள் நீ. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்க வேண்டும்! அந்தப் பெருமை நெஞ்சுக்குள் வந்து பாதியில் நின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீ அனுப்பியதை நான் ஊர் கேட்கப் படித்தேன். எனவே இதையும் ஊர் கேட்கும்படிதான் எழுதுகிறேன், சபை வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். விஷயம் தெரியாத ஒருவர் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

எபிநேசரை நீ மறந்திருக்க மாட்டாய். சாராள் அத்தையின் ஒரே மகன். சண்டே ஸ்கூலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, மனப்பாட வசனத்தை உன் காதில் கேட்டுக் கேட்டு ஒப்பித்தவன். அப்பா இல்லாத பிள்ளை. சாராள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவித்தான் அவனை டிப்ளமோ படிக்கவைத்தாள். அவனும் படித்து முடித்துத் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். இரவு ஷிப்டு முடிந்தால் தண்டவாளத்தைக் கடந்துதான் காலனிக்கு வருவோம். மேம்பாலம் ஏறி இறங்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நானும் வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான் வந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, எபி வரவில்லை. ரயில் அடித்துவிட்டது.

போலீஸ் காகிதத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தான் என்று மட்டும்தான் இருந்தது. அதை நான் பிறகு பார்த்தேன். அன்றைக்கு யாரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு வீடு வந்து சேருவதற்குள் தெரு தன் தீர்ப்பை எழுதிவிட்டது. "அவனே போய் நின்னுக்கினானாம்" என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்டால், பார்த்தவரைப் பார்த்தவர் சொன்னாராம். கம்பெனியில் அவனை அந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அது போதாதா நம் ஜனங்களுக்கு? இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஷாமியானாவுக்குக் கீழேயே சபைக் கமிட்டி கூடியது. பொருளாளர்தான் ஆரம்பித்தார். "தானா செத்தவன நம்ம கல்லறையில வெச்சா நாளைக்கி இன்னா பதில் சொல்றது? பாஸ்டர் அங்கி போட்டுகினு ஜெபம் பண்ணலாமா, கூடாதா? அத்த சொல்லுங்க மொதல்ல." சபையின் ஆயர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார், வயசும் கம்மி. யார் பக்கம் பேசினால் யார் முறைத்துக்கொள்வார்கள் என்று தெரியாத நேரம். கமிட்டி எப்படிச் சொல்கிறதோ அப்படி என்றார். அப்போதுதான் ஒருவர், சபைச் செயலாளரான என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாத்துக்கு பேஜாரு? செக்ரட்டரி பையன் வேதப் படிப்புதானே படிச்சிக்கினு கீறான். ஒரு போன் போடு, சொல்லிட்டுப் போறான்."

எனக்கு அந்த இடத்திலும் தோள் கொஞ்சம் உயர்ந்தது, நைனா. சவத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பெருமைப்பட்டேன். டிகிரி பார்த்திராத தெருவில், பெரிய கேள்வி ஒன்று வந்ததும் என் மகனைக் கேட்கலாம் என்று நாலு பேர் சொல்கிறார்களே! உனக்குப் போன் போட்டேன். நீ ரயிலில் எங்கேயோ வார ஊழியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "எனக்குத் தெரியலப்பா, காலேஜ்ல கேட்டு சொல்றேன்" என்று நீ சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். அந்த ஒரு வாக்கியம் உன் வாயில் வரவில்லை. கேட்கிற இடத்தில் நானும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "எல்லாரும் காத்துகினு கீறாங்க, சீக்கிரம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் நீ ஒரு பக்கத்தின் லிங்கை அனுப்பினாய். அதிலிருந்து ஒரு பத்தியையும் வெட்டி ஒட்டியிருந்தாய். கீழே "இதுதான்ப்பா ஆதித் திருச்சபை முடிவு" என்று உன் கையால் எழுதியிருந்தாய்.

அந்தப் பக்கத்தை இப்போது எனக்கு மனப்பாடமாகவே தெரியும். மேலே சிலுவை, பின்னால் சூரிய உதயம். பழைய சபைத் தந்தை ஒருவரின் தீர்ப்பு என்று தலைப்பு. தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்காகக் காணிக்கை படைக்கவும் ஜெபிக்கவும் கூடாது என்று தமிழில் விளக்கம். நடுவில் இரண்டு வரி கிரேக்க எழுத்து. அதில் ஒரு எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆராதனையில் பாடம் வாசிப்பதுபோல வாசித்தேன். ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் சாராள் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். நான் வாசித்து முடித்ததும் கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். கிரேக்க மொழியில் இருக்கிறதாம், இதற்குமேல் யார் என்ன பேசுவது? சாராள்தான் பேசினாள். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் பஞ்சாயத்து இடத்தில் புதைத்தோம். கூட வேலை பார்த்த வடநாட்டுப் பையன்கள் சிலர் வந்து குழி வெட்டினார்கள். ஆயர் வரவில்லை. நான் வந்தேன், ஆனால் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். மண் தள்ளினார்கள், கூட்டம் கலைந்தது. ஒரு ஆமென் கூட யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாராள் கோயிலுக்கு வரவில்லை. உன் அம்மா பலமுறை கூப்பிட்டாள். தலைவலி என்பாள், ஷிப்டு மாறிவிட்டது என்பாள். சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் பிழைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார். ஆலையில் கம்பிக் கட்டு ஒன்று உள்ளே வந்தால், அது எந்த உலையில் எந்தத் தடவை உருக்கியது என்று ஒரு நம்பர் அதில் தொங்க வேண்டும். அந்த நம்பரும் சர்டிபிகேட்டும் ஒத்துப்போகாவிட்டால் இறக்க விடமாட்டேன். முதலாளியின் மச்சானே லாரியில் வந்து நின்று கத்தியபோதும் விடவில்லை. எங்கேயோ கட்டப்போகிற யாரோ ஒருவன் வீட்டுக்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்த மனுஷன், செல்போனில் வந்த ஒரு பத்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வேதத்தைப் பற்றியது, அனுப்பியவன் என் மகன். இந்த இரண்டும் போதும் என்று நினைத்துவிட்டேன். இரும்புக்கு ஒரு நியாயம், எபிக்கு ஒரு நியாயம். நான் என்ன மனுஷன்!

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்று நீ கேட்பாய். நானாகக் கிளறவில்லை. போன மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். அங்கே ஒரு சபையில் மூப்பராம். அவர்கள் சபையில் ஒரு பெண், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, விஷம் குடித்து இறந்துவிட்டாள். உடம்பு வீட்டில் இருக்கிறது. "உங்க சபையில இப்டி ஒண்ணு நடந்தப்போ ஜெபம் இல்லாம வெளிய அடக்கம் பண்ணீங்களாமே, அத்த வெச்சித்தான் நாங்களும் பேசிக்கினு கீறோம், கன்பார்ம் பண்ணிக்கலாம்னு" என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நெட்டில் இருக்கிறது என்றார்.

"செஞ்சோங்க. ஆனா தப்பு செஞ்சோம். அத்தப் பாத்து நீங்க செய்யாதீங்க" என்றேன்.

"தப்புன்னு அதுல போடலியே."

"நான் சொல்றேங்க. அந்த சபையோட செக்ரட்டரியே நான்தான்."

"அது நீங்க வாயால சொல்றது. இங்க எழுத்துல கீதே அண்ணா" என்றார். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் சபையைப் பற்றி எங்கள் சபைக்காரன் சொல்வதை விட ஒரு திரை சொல்வது அவருக்குப் பெரிதாகப் பட்டது. நான் எபியின் வீட்டில் செய்ததையே அவரும் செய்தார், வேறொன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் ஆயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கே போனோம். நாங்கள் போவதற்குள் அந்தப் பெண்ணை ஊருக்கு வெளியே புதைத்துவிட்டு, ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா குழாயடியில் குந்திக்கொண்டு முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அவரிடம் போய் என்ன சொல்வது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பழைய பத்திக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. இந்த முறைமை திருவள்ளூர் மாவட்டத்துச் சபைகளில் இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது என்று போட்டு, நம் சபையின் பெயரும் இருந்தது. இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கீழே இறங்கிப் பார்த்தால், வாசகர் கருத்தில் நீ இருந்தாய். மிகவும் பயனுள்ள பதிவு, எங்கள் சபையில் இதை ஆதாரமாக வைத்துத்தான் ஒருவரை ஜெபமின்றி வெளியே அடக்கம் செய்தோம், நன்றி என்று எழுதி, கீழே உன் பெயர், நம் சபையின் பெயர், இறையியல் மாணவர் என்று பட்டம் வேறு. எபியைப் புதைத்த அதே வாரத்தில் எழுதியிருக்கிறாய். பக்கத்தை எழுதியவன் பெயர் கிடையாது. என்றைக்கு எழுதியது என்று கிடையாது. எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்று கிடையாது. "எங்களைப் பற்றி" என்ற இடத்தைத் தொட்டால் காணிக்கை அனுப்ப ஒரு க்யூஆர் கோடு மட்டும் வருகிறது. அந்தப் பக்கத்தில் பெயர் சொல்லி இருக்கிற ஒரே மனுஷன் நீ. அவர்கள் உனக்கு ஆதாரம், நீ அவர்களுக்கு ஆதாரம். நடுவில் இரண்டு பிணம்.

உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும். "விடுங்கப்பா, இப்ப இத கிளப்பினா பட்டம் தள்ளிப்போயிடும். போர்டுல கேள்வி கேப்பாங்க. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." ஆனால் உன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்? எது உண்மை என்று முதலில் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

மணவாள நகரில் ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று ஆயர் சொன்னார். போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தம்மா என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை, உன்னையும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்க, இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போவோம்" என்றார். முதலில் அந்தப் பத்தியின் ஒரு வரியை அப்படியே போட்டுத் தேடினார். ஏகப்பட்ட பக்கங்கள் வந்தன. இத்தனை பேர் சொல்கிறார்களே என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். எல்லாவற்றிலும் அதே வார்த்தைகள், ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில். ஒருவன் எழுதியதை மற்றவர்கள் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பத்துப் பேர் சொன்னால் பத்துச் சாட்சி இல்லை, பத்து வாயில் ஒரு சாட்சிதான் என்றார். பிறகு கேட்டவுடன் பதில் சொல்கிற அந்தப் புது ஆப்பிலும் கேட்டார். அது தயங்காமல் ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க நம்பரும் கொடுத்தது. நூலகங்களின் பட்டியலில் தேடினால் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. இன்றைக்கும் இப்படி நடக்கிறதா என்று கேட்டோம். நடக்கிறது என்று சொல்லி, ஆதாரமாக நம் சபை பெயர் இருக்கிற அந்தப் பக்கத்தையே காட்டியது. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியில் மூலத்தைக் கண்டுபிடித்தார். பழைய சபைத் தந்தையரின் எழுத்துகளைப் பெரிய நூலகங்கள் முழுசாக ஸ்கேன் பண்ணி இலவசமாகவே வைத்திருக்கின்றன. யார் மொழிபெயர்த்தது, எந்த வருஷம், எந்தப் பிரதியிலிருந்து என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. யாரோ கேட்டதற்கு எழுதிய பதிலாக அந்தத் தீர்ப்பு அதில் இருந்தது. முழுப் பொய் இல்லை, நைனா. அதுதான் கொடுமை. அந்தத் தந்தை அப்படிச் சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் நீ அனுப்பிய பத்தி பாதியில் வெட்டியது. செத்தவன் சித்தம் கலங்கி அப்படிச் செய்தானா என்பதைக் குரு பார்க்க வேண்டும், கலங்கியவனுக்கு ஜெபம் உண்டு, அதனால் அவர் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பதும் அதே பதிலில் இருக்கிறதாம். அந்தம்மா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார். விசாரிக்க வேண்டும் என்று எழுதிய ஒரு பதிலை வைத்துக்கொண்டு நாம் விசாரிக்காமல் ஒரு பிள்ளையைப் புதைத்திருக்கிறோம்.

அதோடு விடவில்லை அவர். "இது எந்தச் சபைக்கு, எந்தக் காலத்துக்குச் சொன்னது? உங்க சபை இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. செயலாளர், தெரியவில்லை! நம் திருச்சபையின் சொந்த இணையதளத்திலேயே அடக்க ஆராதனை முறை முழுசாக இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துப் பழைய ஜெபப் புத்தகத்தில் ஒரு தடை இருந்தது உண்மைதானாம். இப்போது நாம் பயன்படுத்துகிற முறையில் அந்தத் தடை இல்லை. எப்படி இறந்தாலும் ஜெபம் உண்டு. அன்றைக்கு ஆயர் கைப்பைக்குள் அந்தப் புத்தகமும் இருந்திருக்கும். நாங்கள் எல்லோரும் செல்போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

நீ படித்தவன். உனக்கு நான் ஆராய்ச்சி சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அப்பனாகச் சிலது கேட்கிறேன். இனிமேல் பிரசங்கத்துக்கோ, கட்டுரைக்கோ, ஒரு வீட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வதற்கோ எதையாவது எடுத்தால், எழுதியவன் பெயரை முதலில் தேடு. பெயர் இல்லாதவன் பதில் சொல்ல வரமாட்டான், அவனுக்குப் பதில் நீதான் நிற்க வேண்டிவரும். பெயர் இருந்தால், அவன் எந்தக் கட்சி, எதை நிலைநாட்ட எழுதுகிறான், அவனோடு ஒத்துப்போகாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார். வெட்டிய துண்டை நம்பாதே, முன்னும் பின்னும் இருப்பதைப் படி. நீ தேடிப் போவதற்கு முன்பே உன் மனசில் ஒரு பதில் இருந்தால், அதே பதிலைச் சொல்கிற பக்கத்தை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படு. அவசரப்படுத்துகிறவன் யாராக இருந்தாலும், பெற்ற அப்பனாகவே இருந்தாலும், தெரியவில்லை என்று சொல். அங்கி போட்டவன் தெரியவில்லை என்று சொன்னால் ஜனங்கள் மதிக்கமாட்டார்கள் என்று பயப்படாதே. மதிக்காமல் போகட்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்துதான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது இன்னொன்று உறைத்தது. நூலகம் வரைக்கும் போனேன், பழைய காலத்துத் தந்தை வரைக்கும் போனேன், அடுத்த தெருவில் இருக்கிற சாராளிடம் போகவில்லை. அந்தத் தந்தை விசாரி என்றாரே, யாரை விசாரிப்பது? பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வாங்க என்றாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். எபி போட்டோவுக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குப் படித்தது பாதிதான், மீதியில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறது, நாங்கள் உன்னைக் கேட்கவே இல்லை, இப்போது கேட்கிறேன், அன்றைக்கு என்னம்மா நடந்தது என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை அங்கே ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவன் தானாகப் போகவில்லை, அடிபட்டுத்தான் செத்தான் என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் ஒரு வகையில் எனக்குக்கூட சுலபம்.

"எனக்கும் தெரியாதுண்ணா" என்றாள். "வேல போறத நெனச்சி ரெண்டு நாளா சரியா துன்னல அவன். அதுவும் நெஜம். ஆனா மறுநாள் சாயங்காலம் வெளிய போவலாம்னு சொல்லி சட்டய அயன் பண்ணி வெக்கச் சொல்லிட்டுப் போனான். அதுவும் நெஜம். ரெண்டு ஷிப்டு சேந்தா மாதிரி பாத்தான், தூக்கத்துல நடந்தானோ இன்னாவோ. தெனம் நானே கேட்டுக்கினு கீறேன். அன்னிக்கி நீங்க கேட்டிருந்தா இத்தத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமப் பொதைக்கிறதுக்கு உங்க புஸ்தகத்துல ஒரு ஜெபம் கூடவா இல்ல?"

நான் அழுதேன், நைனா. வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கிளம்பும்போது உன்னைத்தான் கேட்டாள். "படிச்சி முடிச்சிட்டானா? எபியோட ஒரே வயசு." வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே, உன் பெயராலேயே, நான் சொன்னது தவறு, மூலத்தில் இருப்பது இது, எங்கள் சபையின் முறை இது, எங்களைப் பார்த்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுது. அழித்துவிட்டு ஓடிப்போகாதே, அழித்தால் அவர்கள் எடுத்துப் போட்டது மட்டும் நிற்கும். அவர்கள் போடாவிட்டால் நம் திருச்சபைப் பத்திரிகைக்கு எழுது. பேராயருக்கு நீயே முதலில் சொல். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், அதற்காக உன் அம்மா அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். எபியின் குழிமேட்டில் நின்று அந்த அடக்க ஆராதனையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க ஆயர் ஒப்புக்கொண்டுவிட்டார். நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவள் வீட்டுக்குப் போ. ஆதாரம் எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே, வசனமும் வேண்டாம். போய் உட்கார்ந்து, எபியைப் பற்றிக் கேள். அவள் சொல்வதை முழுசாகக் கேள், நடுவில் வெட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஆராதனை நேரத்தில் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

அப்பா